இன்கமிங் இலவசம்

மாமாவின் கடை சிங்கப்பூர்த் தேக்காவில், பஃபலோ ரோட்டிலிருந்து ஒரு சந்து தள்ளி இருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு கைகளையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். வெற்றிலை, ஊதுபத்தி, தமிழ் முரசு, போன வாரத்து வார இதழ்கள், அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கடுக்காகத் தொலைபேசி அட்டைகள். 1998-ல் எனக்கு 16 வயது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமா என்னை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார். சம்பளம் கிடையாது. மத்தியானச் சாப்பாடும் கடை சாத்தும்போது 10 வெள்ளியும் (டாலரைத்தான் இங்கே வெள்ளி என்போம்).

ஞாயிற்றுக்கிழமை தேக்காவைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று மணிக்குமேல் கூட்டம் சேரத் தொடங்கும். துவாஸ், ஜூரோங், செம்பவாங் என்று எங்கெங்கோ வேலை பார்க்கிறவர்கள் குளித்து, தலை சீவி, சட்டை மடிப்புக் கலையாமல் வந்து நிற்பார்கள். வந்ததும் கேட்பது ஒரே கேள்வி: "தம்பி, இந்தக் கார்டு இந்தியாவுக்கு எத்தனை நிமிஷம் ஓடும்?" சுவரில் ஒட்டிய விளம்பரத்தில் ஒரு கணக்கு இருக்கும், உண்மையில் ஓடுவது வேறு கணக்கு. இணைப்புக் கிடைத்ததுமே ஒரு தொகையைப் பிடிப்பார்கள். ஒரு நிமிடம் ஐந்து விநாடி பேசினால் அது இரண்டு நிமிடம். ஒரு கம்பெனியின் அட்டை பாதிப் பேச்சில் செத்துப்போகிறது என்று நாலைந்து பேர் திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டிய பிறகு, மாமா மிச்சமிருந்த கட்டைத் தூக்கிப் பரணில் போட்டார். நஷ்டம் அவருக்குத்தான்.

வழக்கமாக வருகிறவர்களில் ஒருவரை நாங்கள் பட்டுக்கோட்டை அண்ணன் என்று கூப்பிடுவோம். கப்பல் பட்டறையில் வெல்டர். அட்டையின் வெள்ளிப் பூச்சை ஐந்து காசு நாணயத்தால் சுரண்டும்போது, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற கவனம் அவர் முகத்தில் இருக்கும். ஊருக்குப் பேச அவர் இரண்டு முறை அழைக்க வேண்டும். முதல் அழைப்பு கடைத்தெருவில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு, காசு கொடுத்து வெளியூருக்குப் பேசும் கடைக்கு. "அம்மாவைக் கூட்டியாரச் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல பண்றேன்." பூத்துக்காரர் ஒரு பையனை சைக்கிளில் அனுப்புவார், அதற்குத் தனிக் காசு. இரண்டாவது அழைப்பில் அம்மா இருப்பார், ஓடி வந்த இரைப்போடு. "மூச்சு வாங்குறதுக்கே ரெண்டு வெள்ளி போயிடுது தம்பி" என்று அண்ணன் சிரிப்பார்.

அந்த மஞ்சள் பலகை பூத்துகளை இன்றைக்குப் பலர் கேலியாக நினைவு கூர்கிறார்கள். 80-களில் ராஜீவ் காந்தியின் ஆலோசகராக இருந்த சாம் பித்ரோடா வீட்டுக்கு ஒரு போன் என்று கனவு காணாமல் தெருவுக்கு ஒரு போன் என்று தொடங்கி வைத்த ஏற்பாடு அது. வீட்டு இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த நாட்டில் அதுவே பெரிய காரியம்.

2000 வாக்கில் இருக்கும், ஒரு நாள் நான் சிங்கப்பூர்ப் பிள்ளையின் திமிரோடு கேட்டேன்: "உங்க ஊர்ல கைத்தொலைபேசி இல்லையாண்ணே?" அப்போது இங்கே சிங்டெல் தொலைபேசி நிறுவனத்தின் தனியாட்சி முடிந்திருந்தது. 1997 ஏப்ரல் 1-ல் எம்1 வந்தது. 2000 ஏப்ரலில் ஸ்டார்ஹப். என் வகுப்பில் பாதிப் பேர் பேஜரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைத்தொலைபேசிக்கு மாறியிருந்தார்கள். அண்ணன் சொன்ன பதில் எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. "செல்லா? தஞ்சாவூர்ல ஒரு பெரிய டாக்டர் வச்சிருக்காராம். அவருக்கு நாம போன் பண்ணினா, நமக்கும் காசு போகும், எடுத்ததுக்கு அவருக்கும் காசு போகும். எங்கம்மாவுக்கு எதுக்கு அந்த வம்பு?"

எடுத்ததுக்கும் காசு. என்னைக் கேட்டால் இந்தியாவில் செல்போன் வளர்ந்த கதை முழுவதும் இந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. நிறுவனம் மோடி டெல்ஸ்ட்ரா, கருவி நோக்கியா. கம்யூனிஸ்ட் முதல்வர் ஒருவர் தனியார் கம்பெனியின் போனைக் காதில் வைத்து அந்தக் காலத்தைத் தொடங்கி வைத்தது வரலாற்றின் குறும்பு. அதற்கு முந்தைய ஆண்டுதான் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வந்து, நான்கு பெருநகரங்களுக்கும் தலா இரண்டு தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்திருந்தார்கள். சென்னைக்கு ஆர்.பி.ஜி., ஸ்கைசெல். நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை போனது கட்டணம், வருகிற அழைப்புக்கும் தனியே. தங்கத்தைக் கழுத்தில் போடுவதுபோல அன்று செல்லை இடுப்பில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்து வட்டம் என்று பிரித்த மாநிலப் பகுதிகளுக்கு உரிமத்தை ஏலம் விட்டபோது, கம்பெனிகள் சக்திக்கு மீறிக் கேட்டுவிட்டு மாட்டிக்கொண்டன. இந்தியர் எல்லோரும் ஓடி வந்து வாங்குவார்கள் என்று போட்ட கணக்கு. நிமிடத்துக்கு 16 ரூபாய் கொடுத்து யார் வருவார்கள்? உரிமக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் பலர் தடுமாறினார்கள். 1999-ல் புதிய கொள்கை வந்தது. முன்கூட்டியே பெருந்தொகை கட்ட வேண்டாம், வருகிற வருமானத்தில் ஒரு பங்கு அரசாங்கத்துக்குக் கொடு, போதும் என்றது. குத்தகைக்காரனை வாரக்காரனாக மாற்றிய மாதிரி. விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் கழுத்தில் கத்தி இல்லை. அதற்குப் பிறகுதான் கம்பெனிகளுக்கு ஏழை வாடிக்கையாளர் பக்கம் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வந்தது. தனியார் வந்ததால் எல்லாம் மாறியது என்று பேசுகிறவர்கள் இந்த ஐந்து வருடத்தை வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள்.

2000-ல் சிங்டெல் பார்தி குழுமத்தில் பணம் போட்டது. லூதியானாவில் சைக்கிள் உதிரிப்பாகம் செய்து தொழில் தொடங்கிய சுனில் மிட்டலின் கம்பெனி. ஏர்டெல் என்று சொன்னால்தான் நமக்குப் புரியும். அதே ஆண்டு அவர்கள் சென்னையின் ஸ்கைசெல்லையும் வாங்கினார்கள். சிங்கப்பூரில் அப்போது மொத்த மக்களே சுமார் 40 லட்சம் பேர். அதற்குள் மூன்று கம்பெனிகள் சண்டை போட்டு எவ்வளவுதான் சம்பாதிக்க முடியும்? பிலிப்பீன்சில் குளோப், தாய்லாந்தில் ஏ.ஐ.எஸ்., இந்தோனீசியாவில் டெல்கோம்செல் என்று சிங்டெல் வெளியே போய்க்கொண்டிருந்தது. மாமா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பக்கம் பேசுறவன்கிட்டயும் காசு, அந்தப் பக்கம் கேக்குறவன்கிட்டயும் காசு. நாம நடுவுல கார்டு வித்துக்கிட்டு இருக்கோம்."

இன்னொரு பக்கம், 1999-ல் தொழிலதிபர் சிவசங்கரன் தமிழ்நாட்டில் ஏர்செல் என்ற செல்போன் கம்பெனியைத் தொடங்கினார். 2006-ல் அதன் பெரும்பங்கை மலேசியாவின் மேக்சிஸ் வாங்கியது. மேக்சிஸ் என்றால் ஆனந்தகிருஷ்ணன், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் பிறந்த யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளி. ஒரு காலத்தில் நகரத்தார் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் உட்கார்ந்து கடன் கொடுத்து, லாபத்தைச் செட்டிநாட்டுக்கு வீடாக அனுப்பினார்கள். நூறு வருடம் கழித்து இந்தக் கரையின் பணம் அந்தக் கரையில் போய்க் கோபுரம் கட்டியது. செல்போன் கோபுரம்.

எங்கள் கடைக்கு அந்த மாற்றம் ஒரு நோட்டுப் புத்தகத்தின் வழியாக வந்தது. அடிக்கடி வருகிறவர்களின் வீட்டு எண்களை மாமா ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருப்பார். சட்டைப்பையில் வைத்த துண்டுக் காகிதம் துவைப்பில் கரைந்து போனால் இந்த நோட்டுதான் கதி. ஆரம்பத்தில் எல்லாம் எஸ்.டி.டி. குறியீட்டோடு தொடங்கும் பூத் எண்கள், பக்கத்து வீட்டு எண்கள், பள்ளிக்கூட வாத்தியார் வீட்டு எண்கள். 2003 நடுவில் அடித்தல் திருத்தல் தொடங்கியது. பழைய எண் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 98-ல் தொடங்கும் பத்து இலக்கம். அப்புறம் 94. அப்புறம் 93. முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்ததும் மாமா சொல்லிவிடுவார்: 98 தனியார், 94 பி.எஸ்.என்.எல்., 93 ரிலையன்ஸ்.

என்ன நடந்தது என்றால், சில விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. இந்தியாவின் வெளிநாட்டு அழைப்புகளில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் வைத்திருந்த தனியுரிமை 2002 ஏப்ரலில் முடிந்தது. எங்கள் அட்டைகளின் நிமிடம் கூடியது. அதே ஆண்டு அக்டோபரில் அரசின் பி.எஸ்.என்.எல். செல் சேவையில் இறங்கியது. டிசம்பர் 28-ல் ரிலையன்ஸ் வந்தது, அடுத்த ஆண்டே 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று கூவியது. எல்லாவற்றுக்கும் மேலாக 2003 மே மாதத்திலிருந்து வருகிற அழைப்புக்குக் காசில்லை. கூப்பிடுகிறவர் கொடுத்தால் போதும்.

பட்டுக்கோட்டை அண்ணனின் அம்மாவிடம் அந்த வருடக் கடைசியில் செல் வந்துவிட்டது. அண்ணன்தான் பணம் அனுப்பினார், மருமகன் வாங்கிக் கொடுத்தார். அந்தம்மா அதிலிருந்து யாரையும் கூப்பிட்டதே இல்லை என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். கூப்பிட வேண்டிய தேவை என்ன? எடுத்தால் போதும். வருமானம் இல்லாத ஒரு கிழவி செல்போன் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை அன்றுதான் வந்தது. அதற்கு முந்தைய எட்டு வருடத்தில் எந்தக் கருவியும் எந்தக் கோபுரமும் அதைச் செய்யவில்லை. கட்டணம் யார் தலையில் விழும் என்ற ஒரு விதி செய்தது.

அப்புறம் மிஸ்டு கால். இதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு சிலை வைக்கலாம். ஊரிலிருந்து மனைவி சிங்கப்பூர் எண்ணுக்கு அடித்து ஒரு மணியில் வைத்துவிட்டால் "கூப்பிடுங்க". இரண்டு மணியில் வைத்தால் "பணம் வந்துடுச்சு". இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சங்கேதம். ஒரு பைசா கொடுக்காமல் கடல் தாண்டிச் செய்தி அனுப்பினார்கள். கம்பெனிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு மிஸ்டு காலுக்கும் பின்னால் ஒரு முழு அழைப்பு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் அட்டை விற்பனை அந்த வருடங்களில்தான் உச்சத்தில் இருந்தது.

10 ரூபாய் டாப்அப் வந்ததும் பெட்டிக்கடையே கம்பெனியின் கிளை அலுவலகம் ஆகிவிட்டது. இதை ஏதோ பெரிய மேலாண்மைத் தத்துவம்போலப் பேசுவார்கள். கடலூரில் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்தபோதே இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்குத் தெரியும். பாட்டில் வாங்க முடியாதவர் பாக்கெட் வாங்குவார், மாதச் சந்தா கட்ட முடியாதவர் 10 ரூபாய் போடுவார். தினக்கூலி வாங்குகிறவருக்குத் தினக்கணக்கில் விற்க வேண்டும், அவ்வளவுதான்.

நோக்கியா 1100-ஐயும் சொல்லாமல் விட முடியாது. தூசி புகாத விசைப்பலகை, நழுவாத உடம்பு, தலையில் ஒரு டார்ச். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊர்களுக்கு அந்த டார்ச் போதும். விடுமுறைக்குப் போகும் அண்ணன்மார்கள் பெட்டியில் டைகர் பாம், கோடாலித் தைலம் இவற்றோடு கைப்பேசி இரண்டு மூன்று வைத்துக்கொண்டு போவார்கள். பிறகு 2006-ல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரிலேயே ஆலை போட்டது. "என் தங்கச்சியே அங்க வேலை பார்க்குது, நான் எதுக்கு இங்கேருந்து தூக்கிட்டுப் போகணும்" என்று ஒரு காஞ்சிபுரத்துத் தம்பி கேட்டது நினைவிருக்கிறது. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. அந்தத் தங்கச்சி அப்புறம் எங்கே போனார் என்று கேட்கத் தோன்றவில்லை.

2004 அக்டோபரில் இந்தியாவில் செல்போன்களின் எண்ணிக்கை தரைவழித் தொலைபேசிகளைத் தாண்டியது. 2010 மார்ச்சில் 58 கோடியைக் கடந்தது. 2009-ல் டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு பைசா என்று வந்து நிமிடக் கணக்கையே உடைத்தது. அந்தச் சமயத்தில் கடையில் நின்று பேசும் யாராவது ஒரு புதுக் கம்பெனியின் பெயரைச் சொல்வார்கள், மாமா கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஒரே வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கம்பெனிகள் நெருக்கியடித்தன.

அந்த நெருக்கடிக்குப் பின்னணியில்தான் 2ஜி அலைக்கற்றை (செல்போன் பேச்சு போகும் ரேடியோ அலைவரிசை) விவகாரம். 2008-ல் 2001-ஆம் ஆண்டு விலைக்கே உரிமம் கொடுத்தார்கள். 2010-ல் தணிக்கை அதிகாரி 1.76 லட்சம் கோடி ரூபாய் உத்தேச இழப்பு என்றார். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசா, கனிமொழி உள்ளிட்ட எல்லோரையும் விடுவித்தது. இதைப் பற்றி நான் கட்சி பேசப் போவதில்லை; கடையில் போதுமான அளவு பேசியாயிற்று. ஒன்று மட்டும் வியப்பு. அலைக்கற்றை என்ற சொல்லைத் தமிழ்ப் பேராசிரியர்கள் ஐம்பது வருடம் முயன்றாலும் டீக்கடைக்குக் கொண்டுபோயிருக்க முடியாது.

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. பேசுவதற்குக் காசே இல்லை என்றது. அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் கூட்டம் கலைந்தது. ஏர்செல் 2018 பிப்ரவரியில் கையை விரித்துத் திவால் மனுப் போட்டது. தமிழ்நாடு முழுக்கச் சிக்னல் இல்லாமல் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆனந்தகிருஷ்ணன் போட்ட பணம் போனது. வோடஃபோனும் ஐடியாவும் ஒன்று சேர்ந்தன. டாடா தன் கடையை ஏர்டெல்லிடம் ஒப்படைத்தது. கடைசியில் மிஞ்சியது மூன்று தனியார், ஒரு அரசு.

அந்த 2018 இறுதியில் நடந்த இன்னொன்று பெரிய செய்தியாக ஆகவில்லை. பெரிய நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்று ஒன்றைக் கொண்டுவந்தன. 28 நாளுக்கு 35 ரூபாய் போடு, இல்லாவிட்டால் வருகிற அழைப்பும் நின்றுவிடும். 2005 கடைசியில் 999 ரூபாய்க்கு வாழ்நாள் முழுக்க இன்கமிங் என்று விற்றிருந்தார்கள். அந்த வாழ்நாள் 13 வருடத்தில் முடிந்தது. 2003-ல் அந்தக் கிழவிக்குக் கிடைத்ததைச் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். 35 ரூபாய் என்ன பெரிய காசா என்று கேட்கலாம். எட்டுப் பத்துப் பேர் அடித்துக்கொண்டிருந்தபோது எவனும் அதைக் கேட்கத் துணியவில்லை. 2024 ஜூலையில் கட்டணங்கள் மறுபடி ஏறியபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை.

கடையின் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 2005-லிருந்து இங்கே ப்ரீபெய்ட் சிம் வாங்க அடையாள அட்டையைப் பதிய வேண்டும் என்று ஆனதும் மாமா அட்டையிலிருந்து சிம்முக்கு மாறினார். வாட்ஸ்அப் வந்ததும் அட்டைக் கண்ணாடிப் பெட்டியில் பல்பொடி வைத்தார். 2015-ல் கடையைக் கைமாற்றிவிட்டார். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

பட்டுக்கோட்டை அண்ணன் 2009-லேயே ஊருக்குப் போய்விட்டார். அவருடைய மகன் இப்போது இங்கே ஒரு பொறியியல் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார், காலாங் பக்கம் நண்பர்களோடு ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அறை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். சமையலறையில் இருந்தார். அஞ்சறைப் பெட்டியில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசித் திரையில் ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தார். மனைவி என்று அறிமுகம் செய்தார், நான் வணக்கம் சொன்னேன், அவரும் சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் வெங்காயம் நறுக்கினார், அந்தப் பெண் துணியை மடித்தார். அங்கே எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது. கால் மணி நேரம் இருக்கும்.

"லைன்ல இருக்காங்களே, பேசலையா?" என்று கேட்டேன்.

"பேச என்னண்ணே இருக்கு, காலையிலேருந்து ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றார்.

நாங்கள் இருவரும் அவருடைய அப்பாவின் கடைசி மருத்துவப் பரிசோதனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். திரையிலிருந்து குரல் வந்தது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்: "அடுப்பைக் குறைங்க. சத்தமே மாறிடுச்சு, அடிப்பிடிக்குது."